கம்பெனி மூடியது, மோட்டார் ஓடுகிறது

அமெரிக்க ஏரிக்கரைகளில் ஐம்பது, எழுபது, நூறு வயதான படகு மோட்டார்களை மறுபடி ஓடவைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்பேனரைவிட அவசரமாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு: பக்கத்து ஊரில் இன்னொரு கிறுக்கர்.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் திவால் மனு கொடுத்தது. ஜான்சன், எவின்ரூட் என்ற இரண்டு புகழ்பெற்ற பெயர்களும் அந்த நிறுவனத்திடம்தான் இருந்தன. அமெரிக்க ஏரிகளில் மீன் பிடிக்கப் போன மூன்று தலைமுறைக்கு அந்தப் பெயர்கள் வீட்டுப் பெயர்கள் மாதிரி. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2001-ல் பாம்பார்டியர் நிறுவனம் இரு பெயர்களையும் வாங்கியது. சில ஆண்டுகளில் ஜான்சன் மறைந்தது. 2020 மே மாதம், எவின்ரூட் மோட்டார் தயாரிப்பையும் நிறுத்துவதாக அதன் வழிவந்த பி.ஆர்.பி. நிறுவனம் அறிவித்தது. கதை முடிந்தது.

அப்படியானால், தாத்தா 1954-ல் வாங்கிய ஐந்தரைக் குதிரைச் சக்தி ஜான்சன் இன்றைக்குப் படுத்துக்கொண்டால் யாரிடம் எடுத்துப் போவது? விஸ்கான்சினிலோ மின்னசோட்டாவிலோ மிச்சிகனிலோ ஏரிக்கரை ஊர் ஒன்றில் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடையின் பெயர் வராது. “இன்னாருக்கு அதில் பைத்தியம், அவரைப் போய்ப் பாருங்கள்” என்று ஒரு ஆளைக் கைகாட்டுவார்கள்.

அந்த ஆளின் கொட்டகையில் ஒரே மாதிரி மோட்டார் நாலைந்து கிடக்கும். ஒன்று ஓடும். மற்றவை அதற்கு உறுப்பு தானம் செய்யக் காத்திருக்கும். நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்கும் சர்வீஸ் துறையும் மூடப்பட்டபின், அவை துண்டு துண்டாகப் பிரிந்து இப்படித் தனி மனிதர்களின் கொட்டகைகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் ஆள் தேடுவதும் பழுதுபார்ப்பதும் ஒரே வேலை.

உருகிய ஐஸ்கிரீம்

நம் கடற்கரைகளில் வள்ளத்தின் பின்பக்கம் தொங்கும் மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தண்டு, கியர், ப்ரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படி. இரண்டு திருகுகளை முடுக்கினால் படகின் பின்பலகையில் மாட்டலாம், தளர்த்தினால் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நம் மீனவர்களுக்கு அது தொழில் கருவி. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பத்தின் கோடை விடுமுறை.

அதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் தகராறு உண்டு. டெட்ராய்ட்டில் கேமரூன் வாட்டர்மேன் 1906 முதலே இத்தகைய மோட்டாரை விற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் ஓல் எவின்ரூட். 1877-ல் நார்வேயில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் விஸ்கான்சினுக்குக் குடிவந்தவர். பின்னாளில் மில்வாக்கியில் வார்ப்பு மாதிரிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை அமெரிக்காவில் பிரசித்தம். ஒக்காச்சி ஏரித் தீவில் ஓர் உல்லாசப் பொழுது. பெஸ் கேரி என்ற பெண்ணுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை. காதலர் துடுப்புப் போட்டு அக்கரை போய் வாங்கித் திரும்பினார். வெயிலில் அது பாதி வழியிலேயே உருகிவிட்டது. துடுப்புக்கு மாற்று வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியதாம். கதையில் மிகை இருக்கலாம். 1906-ல் இருவரும் மணம் செய்துகொண்டதும், 1909-ல் எவின்ரூட் மோட்டார் விற்பனைக்கு வந்ததும் வரலாறு. ஒன்றரைக் குதிரைச் சக்தி, எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். முதல் மாதிரியைப் பார்த்த பெஸ், காபிக்கொட்டை அரைக்கும் மில் மாதிரி இருக்கிறது என்றாராம்.

அந்த பெஸ்தான் நிறுவனத்தின் மூளை. கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் அவர் கையில். துடுப்பைத் தூக்கி எறியச் சொல்லும் புகழ்பெற்ற விளம்பரத்தை எழுதியவரும் அவரே. அவர் உடல்நிலை கெட்டபோது, 1914-ல், ஓல் தன் பங்கைக் கூட்டாளியிடம் விற்றார். ஐந்து ஆண்டுகள் போட்டித் தொழிலில் இறங்குவதில்லை என்பது ஒப்பந்தம். கெடு முடிந்ததும் அலுமினியத்தால் செய்த இரட்டைச் சிலிண்டர் மோட்டாரோடு திரும்பிவந்தார். பழைய கூட்டாளி அதை வேண்டாம் என்று சொல்லிவிட, எல்டோ என்ற பெயரில் தனிக் கம்பெனி தொடங்கி, தன் பெயரைத் தாங்கிய பழைய கம்பெனியோடே போட்டி போட்டார். 1929-ல் இரண்டும் லாக்வுட் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. 1933-ல் பெஸ்ஸும் 1934-ல் ஓலும் மறைந்தார்கள். 1936-ல் மகன் ரால்ஃப் காலத்தில் ஜான்சனும் வந்து சேர்ந்தது. பின்னர் 2000-ல் கவிழ்ந்த பெருநிறுவனம் இப்படித்தான் உருவானது.

குக்கர் கம்பெனியின் மோட்டார்

இந்த வரலாற்றை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மோட்டார் எந்த ஆண்டில், எந்தக் கம்பெனியின் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதற்குப் பாகம் தேட முடியும்.

1909 வகை மோட்டார்களில், எஞ்சினின் உச்சியில் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலின் மேல் ஒரு கைப்பிடிக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துச் சுழற்றிவிட்டு உடனே கையை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் குமிழும் சேர்ந்து சுற்றும், விரல் முட்டியைப் பெயர்த்துவிடும். ‘முட்டி உடைப்பான்’ என்றே ரசிகர்கள் அந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்டோவில் பேட்டரி இக்னிஷன் வந்ததும் ஃப்ளைவீலைக் கையால் கொஞ்சம் உந்தினாலே போதும் என்றாயிற்று. இந்தியானாவின் ஜான்சன் சகோதரர்கள் 1920-களின் தொடக்கத்தில் 35 பவுண்டு எடையில் ஓர் இரட்டைச் சிலிண்டர் மோட்டார் செய்து சந்தையைக் கலக்கினார்கள். 1949-ல் வந்த ஜான்சன் பத்துக் குதிரைச் சக்தி மாடலில் முன், நடு, பின் என்று கியர் மாற்றும் வசதியும், படகுக்குள் தனியாக வைக்கும் பெட்ரோல் தொட்டியும் வந்தன. இன்றைய சிறு படகு மோட்டாரின் அமைப்பு ஏறக்குறைய அங்கேயே முடிவாகிவிட்டது.

மெர்க்குரி என்ற மோட்டாரின் பிறப்பு இன்னொரு சுவாரசியம். கார்ல் கீக்ஹேஃபர் 1939-ல் விஸ்கான்சினின் சீடர்பர்க் ஊரில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். மோட்டார் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. மான்ட்கோமரி வார்ட் கடைக்காரர்கள் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய முந்நூறு மோட்டார்கள் அங்கே கிடந்தன. கைச்செலவுக்குப் பணம் வேண்டுமே என்று அவற்றைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். வாங்கிய கடைக்காரர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். அந்தப் பழுதுவேலையில் முளைத்ததுதான் மெர்க்குரி.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு ஓய்வுநேரமும் பணமும் ஒன்றாக வந்தன. கூடவே மோட்டார் கம்பெனிகளும் முளைத்தன. பிரெஸ்டோ குக்கர் செய்த நேஷனல் பிரஷர் குக்கர் கம்பெனி, ஓ கிளேர் நகரில் ‘மார்ட்டின்’ என்ற அருமையான மோட்டாரைச் செய்தது. சமையல் பாத்திரத்துக்குப் பேர்போன வெஸ்ட் பெண்ட், சியர்ஸ் கடைகளுக்காக ‘எல்ஜின்’ மோட்டார் செய்து கொடுத்தது. மினியாபொலிஸில் ஸ்காட்-அட்வாட்டர். ஒரு கம்பெனி செய்த மோட்டாருக்கே வேறு மூடி போட்டு, வேறு நிறம் பூசி இன்னொரு கடை தன் பெயரில் விற்கும். ஆகவே உறையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து மட்டும் பாகம் தேடினால் திண்டாட்டம்தான். ‘இதன் உள்ளே இருப்பது உண்மையில் யார் செய்தது’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் ஆள் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவராவது இருப்பார். புதியவருக்குப் பல நாள் தேடலை மிச்சப்படுத்துபவர் அவர்தான்.

ஏன் இன்னும் கிடைக்கின்றன?

எழுபது ஆண்டுப் பழைய மோட்டார் இத்தனை எண்ணிக்கையில் பிழைத்திருப்பதற்கு முதல் காரணம் தண்ணீர். விஸ்கான்சின், மின்னசோட்டா, மிச்சிகன் ஏரிகள் எல்லாம் நன்னீர். கடலில் ஓடிய மோட்டாரில் உப்பு உள்ளே புகுந்து அலுமினியத்தை அரித்துவிடும், போல்ட்டுகளை நிரந்தரமாகப் பூட்டிவிடும். நன்னீரில் அந்த ஆபத்து குறைவு. இரண்டாவது, வடக்கே கோடை மிகக் குட்டை. வருடத்தில் பாதிக்கு மேல் மோட்டார் கொட்டகையில் தூங்கும். ஐம்பது வயது மோட்டார் உண்மையில் ஓடிய நேரம் சொற்பம்.

மூன்றாவது காரணம் வடிவமைப்பு. இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். நம் வீட்டுப் பழைய டிவிஎஸ் 50 மாதிரிதான்: பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் அதுவே உள்ளே மசகும் ஆகிவிடும். கார் எஞ்சினில் இருக்கும் வால்வு வரிசையோ ஆயில் பம்போ கிடையாது. அசையும் பாகங்கள் குறைவு. ஏரி நடுவில் நின்றுபோனால் படகில் இருப்பவரே சரிசெய்துகொண்டு வரவேண்டும் என்று எண்ணிச் செய்தவை. ப்ரொப்பெல்லர் பாறையில் மோதினால் கியர் உடையாமலிருக்க, ஷியர் பின் என்ற சிறு உலோக ஊசி தன்னை முறித்துக்கொள்ளும். வேறொன்றைச் செருகிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மேசைக்கு வந்த மோட்டார்

பழைய மோட்டார் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரு வாசகத்தை மறக்காமல் சொல்வார்கள்: “கடைசியாக ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது.” இது வட்டாரத்துக்கு வட்டாரம் சலிக்காத நகைச்சுவை. கடைசியாக ஓட்டியது எந்தக் காலம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் சோதனை கையால்தான். ஃப்ளைவீலைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுற்றினால் நல்ல சகுனம். சுற்றாவிட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே முரட்டுத்தனம் காட்டினால் பிஸ்டன் ரிங் நொறுங்கும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே ஊடுருவும் எண்ணெயை விட்டு நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். கார் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஊற்றுவது பலர் கைக்கொள்ளும் வைத்தியம். பொறுமைதான் மருந்தின் பெரும்பகுதி.

அடுத்து கம்ப்ரஷன். பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக் கயிற்றை இழுத்தால் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வரவேண்டும். மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களும் உச்ச எண்ணைவிட, இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்றுதான் கவனிப்பார்கள். ஒன்று நன்றாக இருந்து மற்றது செத்துக் கிடந்தால், உள்ளே பெரிய வேலை காத்திருக்கிறது.

பிறகு தீப்பொறி. பழைய மோட்டார் ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான். ஃப்ளைவீலுக்கு அடியில், பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இருக்கிறது. அதில் காயில், கண்டென்சர், பாயிண்ட். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் தண்டு வளைந்துவிடும். கழற்றிப் பார்த்தால், 1950-களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் காயிலின் மேலுறை வெடித்துப் பாளம் பாளமாக இருப்பது சர்வசாதாரணம். ஆனால் இதில் ஒரு பேரதிர்ஷ்டம். அந்நிறுவனம் சிறிய மோட்டாரிலிருந்து நடுத்தர மோட்டார் வரை பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே மேக்னெட்டோ அமைப்பைப் பயன்படுத்தியது. லட்சக்கணக்கான மோட்டார்களில் பொருந்தும் என்பதால் அந்தக் காயிலை வேறு நிறுவனங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. பாயிண்டைச் சுத்தம்செய்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்கு அமைத்துவிட்டால், கயிற்றை இழுக்கும்போது நீலப் பொறி தாவும்.

கார்புரேட்டரைத் திறந்தால் பழைய பெட்ரோல் வார்னிஷாக இறுகி இருக்கும். உள்ளே மிதக்கும் ஃப்ளோட் அந்தக் காலத்தில் கார்க்கால் செய்தது. மேலே பூசிய ஷெல்லாக், இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனாலுக்குத் தாங்காது, கரைந்துபோகும். கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போய் மூழ்கும், கார்புரேட்டர் வழிந்தோடும். அதைக் காயவைத்துப் புதிய பூச்சுக் கொடுப்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு செய்முறை. எது சிறந்தது என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோல் எந்த பங்கில் கிடைக்கும் என்பதும் உள்ளூர்க்காரர் சொல்லித்தான் தெரியும்.

1949 முதல் 1950-களின் முடிவு வரை வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில், படகுக்குள் தனியாக வைக்கும் பெட்ரோல் தொட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். மோட்டாரில் பம்ப் கிடையாது. இரட்டைக் குழாயில் ஒன்றின் வழியே எஞ்சின் காற்றை அனுப்பித் தொட்டியை அழுத்தும், மற்றொன்றின் வழியே பெட்ரோல் ஏறும். ஆக, படகுக்குள் காலடியில் இருப்பது அழுத்தம் ஏறிய பெட்ரோல். ரப்பர் வளையமோ குழாயோ இற்றுப்போயிருந்தால் ஆபத்து. முழுத் தொட்டியையும் புதுப்பிப்பவர்களும் உண்டு, தனியாக ஒரு பம்பை மாட்டிக்கொண்டு இக்காலத் தொட்டிக்கு மாறுபவர்களும் உண்டு.

மிச்சம் இருப்பவை தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரும் கியர் ஆயிலும். கியர்பெட்டியின் திருகைத் திறந்து வடித்தால், பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். பெட்ரோல் ஆயில் கலவையிலும் பழைய கணக்குதான். 1950-களின் மோட்டாருக்கு 24 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில். அதற்கும் மூத்தவை இன்னும் கூடுதலாகக் கேட்கும். இக்கால மோட்டார் வழக்கத்தில் 50-க்கு 1 என்று ஊற்றினால் பேரிங் தேய்ந்து மோட்டார் முடிந்தது. முதல் ஓட்டம் எப்போதும் தண்ணீர் நிறைந்த பீப்பாயில். வறண்ட தரையில் ஒரு நிமிடம் ஓட்டினாலும் இம்பெல்லர் கருகிவிடும்.

பெயிண்ட் அடிக்கலாமா?

ஓடத் தொடங்கியதும் அடுத்த கேள்வி. பச்சை, மெரூன், நீலம் என்று கம்பெனியும் ஆண்டும் சொல்லும் நிறங்கள் மங்கிக் கிடக்கின்றன. புதிதாகப் பூசி, எழுத்தும் சின்னமும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டிக் கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல ஆக்குவதா? அல்லது மூன்று தலைமுறையின் கை பட்ட தேய்மானத்தோடு விடுவதா?

ஒரு கட்சி, அசல் பூச்சு ஒருமுறைதான் வரும், அழித்தால் போச்சு என்கிறது. மறு கட்சி, எட்டி நின்று கும்பிடவா வாங்கினோம், அழகாக ஓட்டத்தானே என்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அரிய மோட்டாரும் அசல் எழுத்து தெளிவாகத் தெரியும் மோட்டாரும் வந்தால் கை வைக்காமலிருப்பது நல்லது. ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சாதாரண மாடலை, அதிலும் யாரோ ஏற்கெனவே வீட்டுக் கேட்டுக்கு மிஞ்சிய பெயிண்டை அடித்துவைத்ததை, தாராளமாகப் புதுப்பிக்கலாம். எந்தக் கட்சியானாலும், மூடியைத் துடைப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருந்தது என்று பிறகு தெரியாது.

ஆள் தேடும் படலம்

1965-ல் அமெரிக்காவில் ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப் தொடங்கியது. பழைய மோட்டார்களைக் காயலான் கடையிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் சேர்ந்து அமைத்தது. வட்டாரக் கிளைகளாகப் பிரிந்து இயங்குகிறது. ‘ஆன்டிக் அவுட்போர்டர்’ என்ற காலாண்டிதழும் வெளியிடுகிறது. பீட்டர் ஹன் எழுதி 1991-ல் வந்த ‘ஓல்டு அவுட்போர்டு புக்’ பலருக்கு இந்தத் துறையின் அரிச்சுவடி.

கிளைகள் நடத்தும் கூடுகைகள் இரண்டு விதம். ஒன்று சந்தை. வாகன நிறுத்தத்தில் வண்டிகளின் பின்கதவு திறந்திருக்கும். மரத்தாங்கிகளில் வரிசையாக மோட்டார்கள், தார்ப்பாயின் மேல் காயில், கார்புரேட்டர், ப்ரொப்பெல்லர், எதற்கென்றே தெரியாத மூடிகள். விற்பதைவிடப் பண்டமாற்றுதான் ருசி. மற்றது தண்ணீரில் இறங்கும் கூடுகை. அலுமினியப் படகு, மரப்படகு என்று அவரவர் கொண்டுவந்து, நூறாண்டு மோட்டாரை மாட்டி ஏரியைச் சுற்றுவார்கள். கரையில் தண்ணீர் பீப்பாய்கள். கிளம்ப மறுக்கும் மோட்டார் எது என்று தேட வேண்டியதில்லை, எதைச் சுற்றி ஆறு பேர் குனிந்து நிற்கிறார்களோ அதுதான். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அதில் ஒன்று சரியாக இருக்கும்.

புதியவர் கற்றுக்கொள்வது அந்தக் கூட்டத்தில்தான். பாயிண்ட் இடைவெளி எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊசி வால்வைத் திருப்பும்போது எஞ்சின் சத்தம் எந்த இடத்தில் இளகுகிறது என்பது புத்தகத்தில் இல்லை. பக்கத்தில் நின்று கேட்டுத்தான் காது பழக வேண்டும்.

கிளை இல்லாத வட்டாரத்தில் எப்படித் தேடுவது? தூண்டில் இரை விற்கும் கடையின் அறிவிப்புப் பலகை நல்ல தொடக்கம். ‘பழைய அவுட்போர்டு வாங்குகிறேன், ஓடாவிட்டாலும் சரி’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் மோட்டாரும் வரும், மோட்டார்க்காரரும் வருவார். புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கும் கடைக்காரருக்கு ஊரில் யார் இப்படிப்பட்டவர் என்று தெரிந்திருக்கும். மூடிய படகுக் கடையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் கிடைத்தால் அது புதையல், கம்பெனியின் சர்வீஸ் புத்தகங்கள் அவர் பரணில் இருக்கலாம். மரப்படகு ரசிகர்களின் அமைப்பான ஆன்டிக் அண்ட் கிளாசிக் போட் சொசைட்டி 1975 முதல் இயங்குகிறது. 1950-களின் படகை வைத்திருப்பவருக்கு அதே காலத்து மோட்டார் வேண்டியிருக்கும், ஆகவே அங்கேயும் சொந்தக்காரர்கள் உண்டு. விஸ்கான்சினின் ஹேவர்டில், மஸ்கி மீன் வடிவில் கட்டிய ராட்சதக் கட்டடத்துக்குப் பேர்போன நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகத்தில் பழைய மோட்டார்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் கிளேட்டனில் பழம்படகு அருங்காட்சியகம். இங்கெல்லாம் கண்ணாடிப் பெட்டியின் முன் அதிக நேரம் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம், வீண்போகாது.

இங்கிலாந்தில் இதே நேசம் பிரிட்டிஷ் சீகல் மோட்டார் மேல். 1930-களில் தொடங்கி 1990-கள் வரை வந்த அந்த மோட்டார் மூடியே இல்லாத எலும்புக்கூடு. சத்தமும் புகையும் அதிகம், ஆனால் பிரிப்பதற்கும் பூட்டுவதற்கும் அதைப்போல எளிதானது குறைவு. வரிசை எண்ணை வைத்தே பிறந்த காலத்தைச் சொல்லிவிடும் நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள்.

புகைக்கு என்ன பதில்?

இந்தப் பொழுதுபோக்கின் மேல் நியாயமான ஒரு குற்றச்சாட்டு உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகையை வெளியே தள்ளும் அதே கணத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகைவழியில் நழுவிவிடும். நாலில் ஒரு பங்கு வரை அப்படி வீணாகலாம் என்பது பரவலான மதிப்பீடு. அது நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. கலிபோர்னியா–நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரியில் 1999 முதலே கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குத் தடை. 1996-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கொண்டுவந்த விதிகள் புதிய மோட்டார்களின் புகையைக் கட்டுப்படுத்தின. ஏற்கெனவே விற்கப்பட்ட பழையவற்றை அவை தொடவில்லை.

வருடத்தில் சில மணி நேரம் ஓடும் மோட்டாரால் என்ன வந்துவிடப்போகிறது என்ற பதில் பாதி உண்மை. மீதிப் பாதியை ரசிகர்கள்தான் நிரப்ப வேண்டும். நீரில் சிதையும் ஆயில் இன்று கிடைக்கிறது. ஒழுகும் கார்புரேட்டரோடு ஏரியில் இறங்காமலிருப்பது, குடிநீர் ஏரியைத் தவிர்ப்பது, கூடுகைக்கு முன் உள்ளூர் விதியைக் கேட்டுக்கொள்வது எல்லாம் கைக்கெட்டிய காரியங்கள். ஒழுக்கமில்லாமல் நடக்கும் ஒரு கூடுகை போதும், அந்த ஏரி எல்லோருக்கும் மூடப்பட.

முதல் மோட்டார் வாங்கும் முன்

• வரிசை எண்ணும் மாடல் எண்ணும் உள்ள தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் படகில் மாட்டும் பிடியின் மேல் இருக்கும்.

• ஃப்ளைவீல் சுற்ற வேண்டும். சுற்றாத மோட்டாருக்குச் சுற்றாத மோட்டாரின் விலைதான்.

• மூடி, பெட்ரோல் தொட்டி, கயிறு சுற்றும் பகுதி முழுமையாக இருக்கட்டும். உள்பாகம் கிடைத்துவிடும், உடைந்த மூடிக்குத்தான் அலைய வேண்டும்.

• கியர்பெட்டியின் அடியில் வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து பிளந்திருக்கும்.

• ஓடாத மோட்டாரே ஆனாலும் அதே மாடலில் இரண்டாவது கிடைத்தால் வாங்கிப் போடுங்கள்.

கொட்டகைகளுக்கு வாரிசு

இந்த உலகத்தின் உண்மையான கவலை துருவும் எத்தனாலும் இல்லை, வயது. 1950-களில் சிறுவனாக அப்பாவின் படகில் உட்கார்ந்து சென்றவர்கள் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். ஒருவர் காலமானால், கொட்டகை நிறைய மோட்டாரை என்ன செய்வதென்று குடும்பத்துக்குத் தெரியாது. எடைக்குப் போட ஆள் வந்துவிடுவார். அலுமினியத்துக்கு எப்போதும் விலை உண்டு. அடுத்த வட்டாரத்துக்காரர் முந்திக்கொண்டால் மோட்டார்கள் பிழைக்கும். அப்போதும் எந்தப் பெட்டியில் எந்த மாடலின் பாகம் என்ற அறிவு இறந்தவரோடு போய்விடும், அவர் எங்காவது எழுதிவைத்திருந்தாலொழிய.

அதனால் வட்டாரக் கிளைகளில் இளையவர் ஒருவர் தலை காட்டினால் கிடைக்கும் வரவேற்பைப் பார்க்க வேண்டும். கழற்றிய கார்புரேட்டரை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். ஒருவர் ஃப்ளோட் தருவார், ஒருவர் கேஸ்கெட் வெட்டித் தருவார், மூன்றாமவர் தன் வீட்டுக்கே அழைத்துப் போய் முழு மோட்டாரைக் கையில் கொடுத்துவிடுவார். பதிலுக்கு அவர்கள் எதிர்பார்ப்பது அந்த இளையவர் அடுத்த முறையும் வரவேண்டும் என்பதுதான்.

எந்த மோட்டாரில் தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலானோர் 1950-களின் ஜான்சன், எவின்ரூட் சிறு மோட்டார்களைத்தான் சொல்வார்கள்: மூன்று அல்லது ஐந்தரைக் குதிரைச் சக்தி. அரிதல்ல, விலை அதிகமில்லை, பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஆனால் காயில் புதிதாகக் கிடைக்கிறது, ஒருவரே தூக்கலாம், முக்கியமாக, அந்த வட்டாரத்தில் அதைக் கழற்றிப் பூட்டாத ரசிகர் இருக்கமாட்டார். அபூர்வமான எல்டோவும் மார்ட்டினும் பிறகு வரட்டும். முதலில், சந்தேகம் கேட்க ஆள் இருக்கிற மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள்.